முழங்கைக்குப் பின்னால்

விஜயஸ்ரீக்கு நோயில்லாத ஆட்கள் வேண்டும். ஆஸ்பத்திரிக்குள் உட்கார்ந்துகொண்டு இப்படி ஓர் ஆசை வந்தால் எங்கே போவது? வார்டில் படுத்திருக்கிறவர்களுக்கு ஆயிரம் கோளாறு. துணைக்கு வந்தவர்களைக் கூப்பிட்டால், "எனக்கு ஒண்ணுமில்லையே டாக்டரம்மா" என்று பதறிக்கொண்டு எழுந்து ஓடுகிறார்கள். ஒன்றுமில்லாததால்தான் கூப்பிடுகிறேன் என்று சொன்னால் இன்னும் வேகமாக ஓடுகிறார்கள்.

பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பதற்கான மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள் அவள். படிப்பு முடிய ஓர் ஆய்வு எழுதிக் கொடுக்க வேண்டும். மற்றவர்களெல்லாம் பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல் என்று கைக்கெட்டிய கல்லை எடுத்துக்கொண்டார்கள். இவள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

முழங்கைக்குப் பின்னால் ஒரு நரம்பு ஓடுகிறது. கதவு நிலையில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று பாயுமே, அதுதான். தொழுநோய் வந்தால் அந்த நரம்பு தடிக்கும். நம் பக்கத்து டாக்டர்கள் விரலால் உருட்டிப் பார்த்தே "தடிச்சிருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். ஒரு நாள் வகுப்பில் விஜயஸ்ரீ எழுந்து, "எதைவிடத் தடிச்சிருக்கு சார்? நல்லா இருக்கிற நம்ம ஊர் ஆளுக்கு அது எவ்வளவு தடிமன் இருக்கும்?" என்று கேட்டாள். துறைத் தலைவர் சிவசண்முகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெளிநாட்டுக்காரன் அவன் கையை அளந்து எழுதி வச்சிருக்கான். நம்ம கையை எவனும் அளக்கலை. நீயே அளந்து சொல்லும்மா" என்றார். அதோடு கதை முடிந்தது.

காலை முழுவதும் மெஷினைக் கர்ப்பிணிகள் விட மாட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் விஜயஸ்ரீக்குக் கிடைக்கும். தைராய்டு பார்க்க வாங்கிய, தோல்மேல் வைத்துப் பார்க்கிற சின்னப் புரோபை எடுத்து, கையில் ஜெல்லி தடவி, முழங்கைக்கு மேலே குறுக்காக வைத்தால், திரையில் மங்கலாக ஒரு வட்டம் தெரியும். அதன் ஓரத்தைச் சுற்றிப் புள்ளி வைத்தால் மெஷின் பரப்பைச் சொல்லும். புரோப் கொஞ்சம் சாய்ந்தாலும் அளவு பொய்யாகிவிடும். அவளுக்கோ இயல்பிலேயே ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. ஒரே கையை மூன்று தடவை அளப்பாள், நம்பிக்கை வராமல் நாலாவது தடவையும் அளப்பாள். கையைக் கொடுத்தவருக்குத் தோளே இற்றுப்போகும்.

ஆள் பிடித்துக் கொடுத்தது ஜாய்சிதான். சீட்டுப் பதிகிற இடத்தில் வேலை பார்க்கிற பெண். உவரிப் பக்கத்துக் கடற்கரை ஊர். "ஊசி இல்ல, வலி இல்ல, குளுகுளுன்னு ஏசி ரூம்ல கால் மணி நேரம் உக்காரலாம், வாங்கக்கா" என்று நர்சுகளையும் ஆயாக்களையும் இழுத்து வந்தாள். முதல் கையே அவள் கைதான். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை எட்வின், அடுத்த ஊர், சொந்தமாகப் படகு வைத்திருப்பவன். கையை நீட்டிக்கொண்டே அவனைப் பற்றிப் பேசினாள். விஜயஸ்ரீ "ஆட்டாத" என்று அதட்டினாள்.

ஜாய்சியின் கையை அளந்த அன்று ஏசி வேலை செய்யவில்லை. திரைச்சீலையை ஒதுக்கிவிட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். வெளியே பெஞ்சில் நாலைந்து பெண்கள் ஸ்கேனுக்குக் காத்திருந்தார்கள். அவர்கள் யார், எந்த ஊர் என்று விஜயஸ்ரீ ஏறிட்டும் பார்க்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை ஜாய்சி கண் வீங்கி வந்து நின்றாள்.

"டாக்டர், நேத்து எனக்கு ரெண்டாவது ஓலை வாசிக்கலை."

கடற்கரை ஊர் மாதா கோயில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரைச் சாமியார் வாசிப்பார். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று அதற்கு அர்த்தம். அதுதான் ஓலை. முதல் ஓலை வாசித்தாயிற்று. இரண்டாவதை வாசிக்க வேண்டாம் என்று எட்வினின் அம்மா தெரசா சாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டாளாம்.

"ஏன்?"

"என் முழங்கை நரம்பை நீங்க பாத்ததை எங்க ஊர்க்காரி ஒருத்தி பாத்திருக்கா."

"பாத்தா என்ன? கைதானே?"

ஜாய்சி அவளை விநோதமாகப் பார்த்தாள். "டாக்டர், எங்க ஊருக்குத் தொழுநோய்ச் சர்வேக்கு வருவாங்கல்லா, உடம்புல தேமல் இருக்கான்னு பாத்துட்டு, பொறவு முழங்கைக்குப் பின்னால விரலை வச்சு உருட்டுவாங்க. யாருக்கு ரொம்ப நேரம் உருட்டுதாங்களோ, அந்த வீட்டுப் பக்கம் அன்னையிலேர்ந்து ஒருத்தரும் போவ மாட்டாங்க. நீங்க எனக்குக் கால் மணி நேரம் பாத்தீங்க. அதுவும் மெஷின் வச்சு."

விஜயஸ்ரீக்கு முகம் செத்துப்போயிற்று. டவுனில் ரதவீதிப் பக்கம் பிறந்து, கான்வென்டில் படித்து, நேராக மருத்துவக் கல்லூரிக்குப் போனவள். நரம்பின் தடிமன் தெரியும், அதை ஊர் எப்படிப் பார்க்கிறது என்று தெரியவில்லை. இத்தனை பேர் ஏன் தன்னைக் கண்டு ஓடினார்கள் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

பதற்றத்தில் செய்கிற காரியம் உருப்படாது. ஆஸ்பத்திரித் தாளை எடுத்து, ஜாய்சிக்குத் தொழுநோய் இல்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தாள். ஜாய்சியின் அப்பா அம்புரோஸ் அதைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"இல்லாத சீக்குக்கு எதுக்குவே கடுதாசின்னு கேக்குதாங்க டாக்டரம்மா" என்றார். "ஊர்ல எத்தனை பொம்பளைப் பிள்ளைங்க இருக்கு, யாராவது இப்படிக் கடுதாசி வாங்கி வச்சிருக்காங்களான்னு கேக்கா அந்தத் தெரசா. நான் என்னத்தைச் சொல்ல?" அவர் கோபப்பட்டிருந்தால் கூட விஜயஸ்ரீக்குத் தேவலை. மரியாதையாகக் கும்பிட்டுவிட்டுப் போனார். அதுதான் தாங்கவில்லை.

அந்த வாரம் அவள் ஒரு கையையும் அளக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுவாள். படிக்க எடுத்தால் மூடிவிடுவாள். மொட்டை மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து அம்மாவிடம் திட்டு வாங்கினாள். சிவசண்முகத்திடம் சொன்னபோது, "நீ டாக்டரா, கல்யாணத் தரகரா? பேசாம வேலையைப் பாரும்மா, தானா அமுங்கிரும்" என்றார். அவள் தலையாட்டிவிட்டு, சனிக்கிழமை காலையில் முதல் வேலையாகப் பஸ் ஏறினாள்.

நாங்குநேரி தாண்டித் திசையன்விளையில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். அது எப்போது வரும் என்று கடைக்காரரிடம் கேட்டாள். "வரும்மா, பைய வரும்" என்றார். பையத்தான் வந்தது. சிவப்பு மண்ணும் பனையுமாக வழி நீண்டுகொண்டே போயிற்று. என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனாள். யோசித்ததெல்லாம் வாசலில் தெரசாவைப் பார்த்ததும் மறந்துபோயிற்று.

ஒல்லியான, நிமிர்ந்த பெண்மணி. புருசன் கடலில் செத்துப்போன பிறகு ஒற்றை ஆளாக நின்று பெண்ணைக் கட்டிக்கொடுத்து, பையனுக்குப் படகும் வாங்கிக் கொடுத்தவள் என்று ஜாய்சி சொல்லியிருந்தாள். கறாரான ஆள் என்று முகமே சொன்னது. முந்தானையால் கைகளைப் போர்த்திக்கொண்டு தள்ளி நின்றாள். மகள்தான் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

"அம்மா, தப்பு என்னோடது. ஜாய்சிக்கு ஒரு நோயும் இல்ல. நோய் இல்லாதவங்க நரம்பு எவ்வளவு இருக்கும்னுதான் நான் அளக்கேன். என் கையைக் கூட அளந்திருக்கேன்."

"நோயில்லாதவங்களை எதுக்கு அளக்கணும்?"

"அது தெரிஞ்சாத்தானே நோய் வந்தவங்களுக்கு எவ்வளவு தடிச்சிருக்குன்னு சொல்ல முடியும்?"

தெரசா முந்தானையை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டாள். உள்ளேயிருந்து எட்வின் வந்தான். கறுத்து உருண்ட தோள்கள், வெட்கப்பட்ட முகம். "டாக்டர், நான் வந்தா அளப்பீங்களா?" என்றான்.

"யார் வந்தாலும் அளப்பேன்."

"அப்ப நாங்க எல்லாரும் வாரோம். எங்க படகுல வாரவங்க, எங்க அக்கா, ஜாய்சி வீட்டு ஆளுங்க, எல்லாரும். ஒருத்தி கையைக் காட்டினாத்தான் சீக்கு. ஊரே காட்டினா என்ன சொல்லுவாங்கன்னு பாப்போம்." பிறகு அம்மாவைப் பார்த்தான். "அம்மா, நீங்களும் வரணும். நீங்க காட்டினாத்தான் ஊரு வாயை மூடும்."

"எனக்கு எதுக்குலே அதெல்லாம்? நான் வரலை."

"நீங்க வரலைன்னா, அந்தப் பிள்ளைக்கு என்னமோ இருக்குன்னுதானே அர்த்தமாவும்?"

தெரசாவின் கண் ஒரு நிமிடம் அலைந்தது. அவளுக்கு இன்னும் கல்யாணத்தில் மனமில்லை என்று விஜயஸ்ரீ நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். ஸ்கேன் அறை சந்தைக்கடை ஆயிற்று. விஜயஸ்ரீ கதவை வேண்டுமென்றே அகலத் திறந்து வைத்தாள், திரையையும் எல்லாருக்கும் தெரியும்படி திருப்பி வைத்தாள். முதலில் அம்புரோஸ். பிறகு எட்வின். "ஏலே, உன் நரம்பைவிட எனக்குப் பெருசுலே" என்று படகுக்காரர் ஒருவர் பீற்றிக்கொண்டார். "தின்னு வளத்தது" என்று இன்னொருவர் பதில் சொன்னார். ஜாய்சியை மறுபடி உட்காரவைத்தாள். அதே மங்கலான சின்ன வட்டம். எட்வினின் அக்கா அதற்குப் பக்கத்தில் தன் வட்டத்தையும் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணு போலல்லா இருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னாள். விஜயஸ்ரீக்கு ஒரு வாரத்துக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது.

கடைசியாகத் தெரசா. எல்லாரும் "போங்க, போங்க" என்று தள்ளியதில்தான் வந்து உட்கார்ந்தாள். முந்தானைக்குள்ளிருந்து கையை எடுக்க மனசே வரவில்லை. விஜயஸ்ரீ ஜெல்லியைத் தடவிப் புரோபை வைத்தாள்.

திரையில் கறுப்பாக, பெரிதாக ஒன்று எழுந்து வந்தது. புரோபைச் சாய்த்துவிட்டோமோ என்று நிமிர்த்தினாள். அப்படியேதான் இருந்தது. இதுவரை அவள் பார்த்த எந்தக் கையையும்விட மூன்று மடங்கு இருக்கும். அளக்கவே வேண்டாம், பார்த்தாலே தெரிந்தது. அவள் தலையை உயர்த்தினாள். தெரசா திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணில் ஆச்சரியம் துளியும் இல்லை. தெரிந்த செய்திக்குக் காத்திருக்கிற கண்.

பின்னால் பதினைந்து பேர் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். "எங்க டாக்டர், நரம்பைக் காணும்?" என்றான் எட்வின்.

எல்லாரையும் வெளியே போகச் சொன்னால் அதுவே சேதியாகிவிடும். மெஷினை அணைத்தாலும் அப்படித்தான். இத்தனை மாதம் ஒரு நூல் சாயாமல் பிடித்துப் பழகிய கை, ஒன்றும் நடக்காதது போலக் கீழே இறங்கியது. முழங்கையைத் தாண்டி மணிக்கட்டை நோக்கிப் புரோபை நாலு விரல்கடை நகர்த்தினாள். இந்த நோயில் நரம்பு வீங்குவது முழங்கைக்குக் கொஞ்சம் மேலேதான். கீழே போகப் போக அது மெலிந்து சாதாரணமாகிவிடும். திரையில் சின்ன வட்டம் வந்து நின்றது.

"இந்தா பாருங்க. எல்லாருக்கும் இருக்கிற மாதிரிதான்" என்றாள். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

எல்லாரும் சிரித்தார்கள், யாரோ கைதட்டினார்கள். "அம்மாவுக்குக் கொஞ்சம் பிரஷர் இருக்கிற மாதிரி இருக்கு, பாத்து அனுப்புதேன். நீங்க போய்க் காப்பி குடிங்க" என்று விஜயஸ்ரீ சொன்னாள். கும்பல் பேசிக்கொண்டே கேன்டீன் பக்கம் நகர்ந்தது. அவள் கதவைச் சாத்தினாள்.

"எதுக்கு டாக்டர் பொய் சொன்ன?" தெரசா கேட்டாள்.

"மருந்து சாப்பிட்டீங்களா? அதை முதல்ல சொல்லுங்க."

"சாப்பிட்டேன். ரெண்டு வருசம். எட்வின் அப்ப சின்னப் பையன். மாசத்துக்கு ஒரு கோயிலுக்கு நேர்ச்சைன்னு சொல்லிட்டு, யாருக்கும் தெரியாத ஊருக்குப் போயி மாத்திரை வாங்கிட்டு வருவேன். அந்த மாத்திரையில உடம்பே கறுத்துப்போச்சு. கருவாடு காயப் போடுத வெயில்னு எல்லாருட்டயும் சொன்னேன்." அவள் ஜெல்லியைக் கூடத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தாள். "கடைசி மாத்திரையைக் குடுத்துட்டு, முடிஞ்சுது, இனி வர வேண்டாம்னு சொன்னாவ. வர வேண்டாம்னுதான் சொன்னாவ. போயிட்டுதுன்னு சொல்லலையே."

விஜயஸ்ரீ அவள் கைகளை வாங்கிப் பார்த்தாள். காதுமடல், புருவம், முதுகு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டாள். சுண்டுவிரலிலும் அதையொட்டிய ஓரத்திலும் மட்டும் தொடுவது தெரியவில்லை. வேறெங்கும் ஒன்றுமில்லை.

"அம்மா, இது போய் ரொம்ப வருசம் ஆச்சு. நெருப்பு அணைஞ்ச பொறவும் சுவத்துல கரி இருக்குல்லா, அந்த மாதிரி நரம்பு மட்டும் தடிச்சே இருக்கு. உங்ககிட்டேருந்து யாருக்கும் ஒண்ணும் வராது. எதுக்கும் எங்க தோல் டாக்டரும் ஒருக்கா பாக்கட்டும். வெளிய தெரியாம நானே கூட்டிட்டுப் போறேன்."

"எனக்குத் தட்டு தனி, தம்ளர் தனி. பாய் தனி. வயித்துக்கோளாறுன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றாள் தெரசா. "மக புள்ளையை இன்னைக்கு வரைக்கும் மடியில வச்சதில்ல. பேத்தி கைய நீட்டினா அங்கன போயி நின்னுக்கிடுவேன்."

விஜயஸ்ரீக்குச் சட்டென்று கோபம் வந்தது. மாத்திரையைக் கணக்காக எண்ணிக் கொடுத்து, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்ட, முகம் தெரியாத யாரோ மேல். அதே மூச்சில் இன்னொரு கோபமும் வந்தது. "பின்ன அந்தப் பிள்ளை கல்யாணத்தை எதுக்கு நிறுத்தினீங்க? உங்களுக்குத் தெரியாதா அவ படுத பாடு?"

"தெரியும். அதனாலதான்." தெரசாவின் குரல் முதல் தடவையாக உடைந்தது. "அவளுக்கும் இருந்து, என்னைய மாதிரி இன்னொருத்தி அந்த வீட்டுக்குள்ள ஒளிஞ்சு கிடக்க வேண்டாம்னுதான்."

விஜயஸ்ரீ துணியை எடுத்து அவள் கையிலிருந்த ஜெல்லியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஜாய்சியைக் கூப்பிடு" என்றாள் தெரசா.

"எதுக்கும்மா? நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"நீ விட மாட்ட. அவட்ட இருக்கோன்னு நான் ஊரைக் கூட்டினேன்லா? இருக்கது என்ட்ட. வீட்டுக்கு வாரவ தெரிஞ்சு வரட்டும். இல்லாட்டி வராம இருக்கட்டும்."

ஜாய்சி சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். தெரசா சுற்றி வளைக்கவில்லை. நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். ஜாய்சியின் சிரிப்பு பாதியில் நின்றது. விஜயஸ்ரீயைப் பார்த்தாள். "இப்ப ஒண்ணும் இல்ல ஜாய்சி, எப்பவோ குணமாயிட்டு" என்று விஜயஸ்ரீ அவசரமாகச் சொன்னாள். ஜாய்சி திரும்பிக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

தெரசா தலையைக் குனிந்துகொண்டாள். விஜயஸ்ரீயால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஜன்னலுக்குப் போனாள், மெஷினிடம் வந்தாள், மறுபடி ஜன்னலுக்குப் போனாள். ஒரு தடவை தெரியாமல் கெடுத்த கல்யாணத்தை இப்போது தெரிந்தே கெடுத்துவிட்டோம் என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெளியே எட்வினின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவனிடம் போய் அவள் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாளோ?

கதவு திறந்தது. ஜாய்சி கையில் ஒரு தட்டோடு வந்தாள். கேன்டீன் பூரி, ஓரத்தில் கிழங்கு. படுக்கையில் தெரசாவை ஒட்டி உட்கார்ந்து தட்டை இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"மாமி, காலையிலேர்ந்து நீங்க பச்சைத்தண்ணி குடிக்கலையாம். அவிய சொன்னாவ."

தெரசா தட்டையே பார்த்தாள். "ஒரு தட்டுதான் கொண்டாந்தியா?"

"ஒண்ணு போதும்."

ஜாய்சி பூரியைப் பிய்த்துக் கிழங்கில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டாள். மென்றுகொண்டே தட்டை மாமியார் பக்கம் கொஞ்சம் தள்ளினாள். தெரசாவின் கை முந்தானைக்குள் வெகுநேரம் அப்படியே இருந்தது. பிறகு வெளியே வந்து, அதே பூரியின் மறுபாதியைப் பிய்த்தது.